பழைய ஜென் காருக்குப் பதினான்கு அங்குலச் சக்கரம்: குடியாத்தத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

என் அக்கா வீட்டில் 2003-ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி ஜென் கார் ஒன்று இன்னும் அன்றாட ஓட்டத்தில் இருக்கிறது. குடியாத்தத்தை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியையாக இருக்கும் அக்கா பள்ளிக்குச் சென்று வருவதும், மாதம் ஒருமுறை மாமாவைக் கண் பரிசோதனைக்காக வேலூருக்கு அழைத்து வருவதும் அந்த வண்டியில்தான். 993 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பவர் ஸ்டீயரிங் இல்லாத வகை, நான்கு சக்கரங்களிலும் 145/70 ஆர்13 அளவு டயர். 1993-இல் சந்தைக்கு வந்து 2006-இல் உற்பத்தி நின்றுபோன இந்த மாடலை நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் இன்றும் பலர் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் பெரிய சக்கரம் போடலாமா என்று யோசிக்கிறார்கள் என்பதை, வேலூரில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சீராக்குவது) வேலையிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் அறிவேன். அக்காவின் வண்டியில் அந்த யோசனை செயலாகி, ஐந்து மாதம் கழித்து என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கணக்கு எங்கே பிசகியது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எதைப் போட்டுச் சரிசெய்தோம் என்பதை அளவுகளோடு இங்கே பதிவு செய்கிறேன்.

மாற்றத்திற்கான காரணம்

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த அக்கா மகன், தன் முதல் சில மாதச் சம்பளத்தில் அம்மாவின் வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பினான். பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால், ஊர்ப்புறச் சாலைகளில் குன்றுபோல் எழுப்பப்பட்டிருக்கும் வேகத்தடைகளில் வண்டியின் அடிப்பாகம் உரசும். அதைத் தீர்க்க வேண்டும், வண்டியும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று நினைத்து, வேறோர் ஊரில் உள்ள கடையில் 14 அங்குல அலாய் வீல் நான்கும், 165/65 ஆர்14 அளவில் டயர் நான்கும் வாங்கிப் பொருத்திவிட்டான். "பதினாலு போட்டா வண்டி தூக்கலா நிக்கும் சார், கிராண்ட் ஐ10 வண்டிக்கு வர்ற சைஸ்தான், டயர் எங்க வேணா கிடைக்கும்" என்று கடையில் சொன்னார்களாம். சொன்னதில் பொய் ஏதுமில்லை. கிராண்ட் ஐ10 காரில் அந்த அளவு உண்டு; வண்டியும் உயரமாகத்தான் நின்றது.

அவன் யோசிக்காமல் செய்தவன் அல்லன் என்பதையும் சொல்ல வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறான். அந்தத் தாளைப் பின்னர் என்னிடம் காட்டினான். "ரிம் ஒரு இஞ்ச் கூடுது. புரொஃபைல் 70-லிருந்து 65 ஆகக் குறையுது. அதனால மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். இந்த ஆய்வின் மையம் அந்த மூன்று வரிகள்தான்.

ஐந்து மாதங்களில் தெரிந்தவை

முதலில் தெரிந்தது ஸ்டீயரிங். ஓடும்போது பெரிய வேறுபாடு இல்லை. சந்தைத் தெருவில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதுதான் அக்காவின் தோள் அதை உணர்ந்தது. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்ல மனம் வராமல் இரண்டு மாதம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறாள். ஒருநாள் தொலைபேசியில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, "தம்பி, ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள கை விட்டுப் போவுதுடா, எனக்கு வயசாயிடுச்சோ என்னவோ" என்றாள். வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது எனக்குக் கேட்டவுடனே புரிந்தது.

அடுத்தது உரசல். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து, சாக்குப்பையைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு சத்தம் வந்தது. பின்னால் ஆட்கள் இருக்கும்போது குழியில் இறங்கினால் பின் மட்கார்டு விளிம்பும் டயரைத் தொட்டது. மீட்டரில் 80 காட்டும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கம். பெட்ரோல் கணக்கைப் பள்ளி நாட்குறிப்பு எழுதும் ஒழுங்கோடு எழுதிவைக்கும் மாமா, முன்பு லிட்டருக்கு 16.5 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 14.2 தான் கொடுக்கிறது என்றார். ஏப்ரலில் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனபோது, அந்த மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பெல்லாம் இரண்டாம் கியரில் ஏறிய இடங்களில் எஞ்சின் திணறி, முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு வண்டியை என்னிடம் கொண்டுவர வைத்தது ஓர் ஆணி. மே மாதக் கத்திரி வெயிலில் வேலூரிலிருந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி முன் இடதுபுற டயர் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னி பழைய 145/70 ஆர்13 ஆகவே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று கடையிலும் சொல்லவில்லை, வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டு வீடுவரை ஓட்டியிருக்கிறார்கள். வண்டி வழி முழுக்க இடப்பக்கம் இழுத்தது. வீட்டு வாசலில் நிறுத்தி முன்னால் நின்று பார்த்த மாமாவுக்கு, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்திருக்கிறது. மறுநாள் காலையில் என்னை அழைத்தார்.

பக்கச்சுவரில் உள்ள எண்கள்

145/70 ஆர்13 என்பதில் மூன்று எண்களும் மூன்று விதமானவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 145 என்பது மில்லிமீட்டர்: டயரின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரையுள்ள அகலம், சாலையைத் தொடும் பட்டையின் அகலம் அன்று. 13 என்பது அங்குலம்: டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். நடுவில் உள்ள 70 நீளமே அன்று, அது விழுக்காடு. அகலத்தில் 70 விழுக்காடு எவ்வளவோ அவ்வளவு உயரம் பக்கச்சுவருக்கு. அக்கா மகன் தாளில் புரொஃபைல் என்று எழுதியது இந்த விழுக்காட்டைத்தான். இடையில் வரும் 'ஆர்' என்ற எழுத்தை ஆரம் என்றும் ரிம் என்றும் பலர் நினைக்கிறார்கள்; அது ரேடியல் என்னும் கட்டமைப்பைக் குறிக்கிறது.

ஆகவே ஜென் காரின் மூல டயருக்குப் பக்கச்சுவர் உயரம் 145-இல் 70 விழுக்காடு, அதாவது 101.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 203. ரிம் 13 அங்குலம், அதாவது 330.2 மி.மீ. மொத்த விட்டம் 533.2 மி.மீ.

புதிய டயருக்கு 165-இல் 65 விழுக்காடு 107.25 மி.மீ. இங்கேதான் அக்கா மகனின் தாள் தவறியது. 70 என்பது 65 ஆகக் குறைந்ததைப் பார்த்து, பக்கச்சுவர் தாழ்ந்துவிட்டது என்று எண்ணிவிட்டான். ஆனால் 65 என்பது இப்போது 145-இன் பங்கு அன்று, 165-இன் பங்கு. அகலம் கூடியதால் விழுக்காடு குறைந்தும் உயரம் கிட்டத்தட்ட 6 மி.மீ. வளர்ந்திருக்கிறது. மேலும் கீழுமாக 214.5, ரிம் 355.6, மொத்தம் 570.1 மி.மீ. மூல விட்டத்தைவிட 36.9 மி.மீ. கூடுதல், விழுக்காட்டில் 6.9. ரிம் கூடியதும் சேர்ந்தது, சுவர் கூடியதும் சேர்ந்தது. எதுவும் எதையும் ஈடுகட்டவில்லை. மொத்த விட்டம் மூல அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் எல்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத சிறிய வண்டிக்கு 2 விழுக்காட்டையே தாண்டக் கூடாது என்பது என் கருத்து.

இந்த 6.9 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முன்னர் சொன்ன குறைகளைத் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றும் விளங்கிவிடுகிறது. ஜென் காரின் வேகமானி கியர்பாக்ஸிலிருந்து வரும் கம்பி வடத்தால் இயங்குவது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். சக்கரம் எவ்வளவு பெரியது என்பது தெரியாது. எனவே மீட்டரில் 80 என்றால் வண்டி போவது 85-க்கு மேல். தூரமும் அப்படியே குறைவாகப் பதிவாகும். மாமா எழுதிய 14.2 கி.மீ. உண்மையில் ஏறத்தாழ 15.2, லிட்டருக்கு 2.3 கி.மீ. இழந்ததாக அவர் வருந்தியதில் ஒரு கிலோமீட்டர் மீட்டர் மறைத்துக்கொண்டது, மீதி 1.3 தான் உண்மையான இழப்பு. விட்டம் கூடினால் அதே எஞ்சின் விசை சாலையைத் தள்ளும் வலிமை குறையும். இங்கே அது சுமார் 6.5 விழுக்காடு. சமவெளியில் தெரியாத இந்தக் குறை, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரி வளைவில் ஏறும்போது தெரிந்தது. பிரேக்கிலும் இதே கணக்குதான்: அதே அளவு மிதித்தால் சாலையில் பிடிக்கும் விசை அந்த அளவுக்குக் குறையும். இதை அக்கா கவனிக்கவில்லை. கவனிக்காமலே காலை அழுத்தி மிதிக்கப் பழகியிருந்தாள். எனக்கு எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்தியது இதுதான்.

பஞ்சரான நாளின் கணக்கு தனியே சொல்லத்தக்கது. மூல டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 597 சுற்று சுற்றும். 165/65 ஆர்14 டயர் 558 சுற்று. (எடை ஏறும்போது டயர் சற்று நசுங்குவதால் இரண்டும் இதைவிடச் சிறிது கூடுதலாகவே சுற்றும், வேறுபாட்டின் விகிதம் மாறாது.) முன் அச்சில் ஒரு பக்கம் இதுவும் மறுபக்கம் அதுவும் இருந்தால், நேர்ச்சாலையில்கூட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 39 சுற்று வேறுபாட்டை, இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சமாளிக்க வேண்டும். திருப்பத்தில் சில நொடிகள் வேலை செய்வதற்காக அமைந்த சிறிய பற்சக்கரங்கள் அவை. பள்ளிகொண்டாவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 580 சுற்று. நல்வேளையாக ஒரே நாளோடு முடிந்தது. கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துப் பார்த்தேன். உலோகத் துகள் ஏதுமில்லை.

பட்டறையில் அளந்தவை

வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் பார்த்தது ரிம்மின் பின்புற எழுத்துகளை. 14×6 ஜே, இ.டி. 38 என்று வார்ப்பிலேயே பதிந்திருந்தது; அதாவது விட்டம் 14 அங்குலம், அகலம் 6 அங்குலம், ஆஃப்செட் 38 மி.மீ. கழற்றி வீட்டில் வைத்திருந்த பழைய இரும்பு ரிம்மைக் கொண்டுவரச் சொல்லி அளந்தேன்: அகலம் நாலரை அங்குலம், ஆஃப்செட் 40 மி.மீ. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (சக்கரத்தைத் தாங்கும் நடுக்குடத்தில்) பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்.

டயர் ஒன்றேயானாலும் அகலமான ரிம்மில் ஏற்றினால் அதன் வயிறு விரியும். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. அகலும். பழைய டயர் நாலரை அங்குல ரிம்மில் 150 மி.மீ. இருந்தது. புதியது ஆறங்குல ரிம்மில் 180 மி.மீ.: பெயரில் 165, உடம்பில் 180. ஆகப் பக்கத்துக்கு 15 மி.மீ. விரிவு, ஆஃப்செட் வேறுபாட்டைச் சேர்த்தால் வெளிப்பக்கம் 17, உட்பக்கம் 13. இதோடு ஆரத்தில் 18.5 மி.மீ. கூடுதல். சக்கரம் திரும்பும்போது இவை இரண்டும் ஒரே மூலையில் சேர்ந்து வந்து இடிக்கின்றன.

எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பழைய இரும்புச் சக்கரத்தைத் திரும்பப் பொருத்தி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, முன் மட்கார்டின் உள்ளுறையில் டயர் நெருங்கி வரும் இடங்களில் ஒட்டினேன். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னால் இருவரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துத் திருப்பி, மீண்டும் தூக்கி, நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். மிக நெருக்கமான இடத்தில் கனம் 16 மி.மீ. இருந்தது. மூல டயருக்கே அங்கு அவ்வளவுதான் இடைவெளி. ஆரம் 18.5 மி.மீ. கூடிய சக்கரம் அங்கே உரசாமல் போக வழியே இல்லை. உள்ளுறையில் அந்த இடம் கைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து, மெருகேற்றிய செருப்புத் தோல் போலப் பளபளத்தது. அலாய் வீலில் இருந்த டயரின் தோளிலும் அதற்கு நேரான இடத்தில் ரப்பர் மழுங்கியிருந்தது.

நடுக்கத்தின் காரணம் வேறு. ஜென் காரின் ஹப்பில் நான்கு ஸ்டட்கள் (நட்டு ஏறும் புரித்தண்டுகள்) 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. ஸ்விஃப்ட், சான்ட்ரோ போன்றவற்றுக்கு அது 100 மி.மீ. சந்தையில் விற்கும் அலாய் வீல்கள் பலவற்றில் இரண்டுக்கும் பொருந்தும்படி எட்டுத் துளைகள் இட்டிருப்பார்கள், இதுவும் அப்படிப்பட்டதே. எல்லா வண்டிக்கும் போகவேண்டும் என்பதற்காக நடுத்துளையையும் பெரிதாகவே வைப்பார்கள். ஜென் காரின் ஹப் அதில் தொளதொளவென்று நின்றது; இடைவெளியை நிரப்பும் வளையம் போடப்படவில்லை. சக்கரம் மையத்தில் நிற்பது நட்டுகளின் கூம்பு முகத்தை மட்டுமே நம்பி. வண்டி தரையில் இருக்கும்போதே காற்றுத் துப்பாக்கியால் ஒரே வரிசையில் இறுக்கியிருந்தால் ரிம் ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்துவிடும். சக்கரத்தைக் கையால் சுழற்றி, விளிம்பருகே நிலையான முள் ஒன்றை வைத்துப் பார்த்ததில் ஒன்றரை மி.மீ. ஏறி இறங்கியது. பேலன்சிங் எந்திரத்தில் ஏற்றினால் அதே சக்கரம் பூச்சியம் காட்டும், ஏனென்றால் எந்திரம் அதை நடுத்துளையின் கூம்பில் மையப்படுத்துகிறது. மூன்று முறை பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று வருபவர்களின் வண்டியில் பெரும்பாலும் நான் காண்பது இதைத்தான்.

பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் இரண்டு சக்கரங்களையும் டயரோடு நிறுத்தோம். இரும்பு ரிம்மோடு பழையது 11.2 கிலோ, அலாய் ரிம்மோடு புதியது 14.8. அலாய் என்றாலே எடை குறைவு என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது. ரிம்மும் டயரும் பெரிதாகும்போது உலோகம் மாறியதால் கிடைக்கும் இலாபம் கரைந்துவிடுகிறது. காற்று 36 பி.எஸ்.ஐ. இருந்தது. கடையில் 35 அடித்து அனுப்பினார்களாம். வேலூர் வெயிலில் ஓடிச் சூடான டயரில் அளந்து கழிப்பதும் கூட்டுவதும் தவறு என்பதால், காலையில் வண்டி கிளம்பும் முன் அளந்த அளவையே நான் கணக்கில் எடுப்பேன்; வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும்.

கடைசியாக அடிப்பாகம் உரசிய மூலப் பிரச்சினைக்கு வந்தேன். பின் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, அந்த வாரம் பட்டறைக்கு வந்திருந்த, பின் ஸ்பிரிங் புதிதாக மாற்றப்பட்ட இன்னொரு ஜென் காரோடு ஒப்பிட்டேன். அக்காவின் வண்டி இரு பக்கமும் 25 மி.மீ. தாழ்ந்திருந்தது. இருபது ஆண்டு உழைத்த ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோயிருந்தன. ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. சக்கரத்தை மாற்றி வண்டியை 18.5 மி.மீ. உயர்த்தியது உண்மைதான், அந்த உயரம் தளர்ந்த ஸ்பிரிங் இழந்ததைவிடக் குறைவு. காய்ச்சலுக்குச் சட்டை மாற்றிய கதையாகிவிட்டது.

எதைப் போடுவது

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனும் வந்திருந்தான். அவன் முகம் வாடியிருந்தது. "மாமா, எல்லாத்தையும் பழையபடியே மாத்திடலாம்" என்றான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலாய் வீல் போடும் ஆசையில் குற்றம் இல்லை, அளவில்தான் குற்றம். இருவரும் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அவனே கணக்குப் போட்டான்.

14 அங்குல ரிம்மையே வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றலாமா என்பது முதல் கேள்வி. பழைய வேகன் ஆர் காரின் சில வகைகளில் வந்த 155/65 ஆர்14 எடுத்தால் விட்டம் 557.1 மி.மீ.; இன்னும் 4.5 விழுக்காடு கூடுதல், ஆரத்தில் 12 மி.மீ. களிமண் காட்டிய 16 மி.மீ. இடைவெளியில் 4 மி.மீ. மிஞ்சும், குழியில் இறங்கினால் அதுவும் இராது. 165/55 ஆர்14 என்ற அளவு கணக்குக்கு அழகாகப் பொருந்தும்: விட்டம் 537.1, வேறுபாடு 0.7 விழுக்காடு. ஆனால் அந்த அளவு எங்கள் ஊர்க் கடைகள் எதிலும் இல்லை. வரவழைத்தாலும், நடுச்சாலையில் டயர் கிழிந்தால் பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ மாற்றுக் கிடைக்காத அளவை நாள்தோறும் ஓடும் வண்டிக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறங்குல ரிம்மும் இந்த வண்டிக்கு மிகை.

13 அங்குலத்தில் இரண்டு தேர்வுகள் நின்றன. 165/65 ஆர்13 என்றால் 544.7 மி.மீ., 2.2 விழுக்காடு கூடுதல். பலர் இதைப் போட்டு ஓட்டுகிறார்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள ஜென் காராக இருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன். 155/65 ஆர்13 என்றால் 155-இல் 65 விழுக்காடு 100.75, இரண்டு பக்கமும் 201.5, ரிம் 330.2, மொத்தம் 531.7 மி.மீ. மூல விட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர், 0.3 விழுக்காடு. டயர் தேய்ந்தாலே இதைவிட அதிகம் குறையும். பழைய ஆல்ட்டோ கே10 காரில் வந்த அளவு என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கடைசி விடையைத் தாளில் எழுதிவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில், கணக்கு பிடிபட்டுவிட்டது தெரிந்தது. "விழுக்காட்டுல அஞ்சு குறைஞ்சு, அகலத்துல பத்து கூடினா சரியாப் போகுது. நான் அகலத்துல இருபது கூட்டிட்டு ரிம்மையும் ஏத்திட்டேன்" என்றான்.

அளவு பொருந்தினால் போதாது. பக்கச்சுவரில் அளவை ஒட்டி வரும் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். பழைய டயரில் 71 என்றிருந்தது. ஒரு டயர் தாங்கும் சுமை 345 கிலோ என்று பொருள். புதிதாக எடுத்ததில் 73; அதாவது 365 கிலோ. மூலத்தைவிடக் குறைந்த எண்ணை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. எண்ணை அடுத்த எழுத்து வேக எல்லை: 'எஸ்' 180 கி.மீ., 'டி' 190 கி.மீ. அகலம் கூடும் ஆசையில் சுமைக் குறியீடு குறைந்த டயரை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பதினைந்து ஆண்டு கடந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தும்போது, மூல அளவை ஒட்டிய சக்கரம் இருப்பது மன நிம்மதி.

பொருத்தியதும் சோதித்ததும்

114.3 மி.மீ. துளை வட்டம் மட்டுமே உள்ள, ஐந்தங்குல அகல 13 அங்குல அலாய் வீல்கள் நான்கை வேலூரிலேயே தேடிப் பிடித்தோம். ஹப்புக்கும் நடுத்துளைக்கும் இருந்த இடைவெளிக்கு வளையம் வாங்கிப் போட்டேன். நட்டுகளின் புரி இடைவெளி சுசூகி வழக்கப்படி 12 மி.மீ. தடிப்பில் 1.25 மி.மீ., ஹூண்டாய் நட்டுகளில் 1.5 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மாற்றிப் போட்டு வலிந்து இறுக்கினால் ஸ்டட் பாழாகும். சக்கரம் தரையைத் தொடாத நிலையிலேயே நட்டுகளைக் கையால் பொருத்தி, எதிரெதிராக இறுக்கி, இறக்கிய பின், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடித்தேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து காட்டச் சொன்னேன். ஒரு நட்டு சற்று இடம் கொடுத்திருந்தது. பின் ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் இரு பக்கமும் புதிதாயின. அதன் பிறகே அலைன்மென்ட் செய்தேன். ஸ்பிரிங் மாற்றும் முன் செய்யும் அலைன்மென்ட் வீண்.

பெரிய சக்கரங்களைக் கழற்றும் முன்பே அக்கா மகனை உடன் வைத்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூர் நோக்கி ஒரு சோதனை ஓட்டம் போயிருந்தேன். கிலோமீட்டர் கல் ஒன்றின் அருகே மீட்டரைக் குறித்துக்கொண்டு, இருபதாவது கல்லில் மீண்டும் பார்த்தோம். பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடைசிச் சக்கரத்தில் 7 மேலே போய் 8 பாதி எழுந்திருந்தது: 18.7-க்கும் 18.8-க்கும் நடுவே. புதிய சக்கரங்களோடு அதே இரு கற்களுக்கிடையே ஓட்டியபோது 20.1 காட்டியது. அடுத்த மூன்று முறை பெட்ரோல் நிரப்பியதில் மாமாவின் குறிப்பேட்டில் 16.1, 16.4, 16.3 என்று வந்திருக்கிறது. பின்னால் மூன்று பேரோடு வேகத்தடை ஏறியதில் உரசல் இல்லை. மீட்டரில் 90 வரை ஸ்டீயரிங் அசையவில்லை. அக்கா, பட்டறை வாசலில் லாரிக்கும் சுவருக்கும் நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திக் காட்டிவிட்டு, இறங்கியதும் மகன் தோளில் கை வைத்து, "வண்டி அழகாவும் இருக்குதுடா" என்றாள்.

எஞ்சியது ஸ்டெப்னி. 145/70 ஆர்13 டயரின் விட்டம் புதியதோடு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வேறுபடுகிறது. அளவில் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் 2314 என்றிருந்தது: 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டை தேயவே இல்லை. பக்கச்சுவரை வளைத்துப் பார்த்தால் வரி வரியாக நுண்ணிய வெடிப்பு. இரும்பு ரிம்மை வைத்துக்கொண்டு அதிலும் புதிய 155/65 ஆர்13 ஒன்றை ஏற்றினோம். அந்த ரிம்முக்கு ஏற்ற பழைய நட்டுகள் நான்கையும் துணிப்பையில் கட்டி, டிக்கியில் ஜாக்கியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அலாய் வீலின் நீள நட்டுகளை இரும்பு ரிம்மில் போட வேண்டாம் என்று பையின் மேல் அக்கா மகன் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான்.